வீட்டுக்குள் தரை ஆமைக்கு இடம் அமைத்தல்: 90 செ.மீ. கண்ணாடித் தொட்டி போதுமா?

9 அக்டோபர் 2022, டொராண்டோவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

பன்னிரண்டு வயது மகனுக்காக ரஷ்ய ஆமைக் குஞ்சு ஒன்றை வாங்க இருக்கிறோம். முன்பு மீன் வளர்த்த 90 செ.மீ. கண்ணாடித் தொட்டி வீட்டில் சும்மா கிடக்கிறது. அதில் மணலைப் பரப்பி ஒரு விளக்கை மாட்டினால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். மெதுவாக நடக்கிற பிராணிக்கு அதற்கு மேல் எதற்கு இடம் என்பது என் வாதமும்கூட. இது தவறா?

9 அக்டோபர் 2022, இரவு

தவறு. நீங்கள் ரஷ்ய ஆமை என்று சொல்வதைத்தான் இங்கே இங்கிலாந்தில் ஹார்ஸ்ஃபீல்டு ஆமை என்கிறார்கள். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட புல்வெளிகளில் வாழ்கிற இந்த ஆமை, மெதுவாக நடந்தாலும் நாள் முழுக்க நடக்கும். நடக்காத நேரத்தில் மண்ணைத் தோண்டும். காலுக்கு நான்கு நகங்கள் இருப்பது இதன் அடையாளம், அந்த நான்கும் மண்வெட்டிக்கு ஈடானவை.

லெஸ்டரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த மூதாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, எண்பதுகளில் வாங்கித் தம்மோடு வைத்திருந்த ஆமையைச் சென்ற மாதம் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பெயர் ஆர்தர், எடை 930 கிராம். ஒரு மாத அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: குறைந்தது 120 செ.மீ.க்கு 60 செ.மீ. இடம் வேண்டும், அடிமண் 8 செ.மீ. ஆழம் இருந்தால் போதும், பாலைவனப் பிராணி என்பதால் மண் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்.

(பின்குறிப்பு, 2023: இந்தப் பத்தியில் நான் சொன்ன மூன்று அறிவுரைகளும் தவறானவை. கீழே ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறேன். என் அசட்டுத் துணிச்சல் பதிவில் இருக்கட்டும் என்று அழிக்காமல் விட்டிருக்கிறேன்.)

11 அக்டோபர் 2022

சென்னையிலிருந்து ஒருவர், தம் உறவினர் நட்சத்திர ஆமை ஒன்றைக் கொண்டுவந்து தந்ததாகவும் இதே அளவுகள் அதற்கும் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறார். அளவைப் பற்றிய பேச்சே இங்கு எழவில்லை. நட்சத்திர ஆமை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. 2022 திருத்த மசோதாவில் அது மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்கு உயர்த்தப்படுகிறது (பின்குறிப்பு, 2023: அது இப்போது சட்டமாகி நடைமுறைக்கு வந்துவிட்டது). 2019 முதல் அதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், அது வேறொரு தவறு.

இங்கேயும் சட்டம் உண்டு. ஹெர்மன் ஆமை என்ற இன்னோர் இனத்தை விற்கச் சான்றிதழ் வேண்டும், ஹார்ஸ்ஃபீல்டுக்கு அது தேவையில்லை. ஆர்தர் காகிதம் ஏதுமின்றி ஒரு பழத்தட்டில் வைத்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததன் சட்டப் பின்னணி இதுதான்.

23 அக்டோபர் 2022

ஓர் ஒப்புதல். டொராண்டோ நண்பரைக் கண்ணாடித் தொட்டிக்காகக் கடிந்துகொண்ட நானும் நேற்று முன்தினம் வரை கண்ணாடித் தொட்டியில்தான் வளர்த்தேன். 120 செ.மீ. தொட்டி என்பதால் என் தவறு கொஞ்சம் நீளமான தவறு, அவ்வளவுதான்.

ஆமைக்குக் கண்ணாடி என்ற பொருள் விளங்குவதில்லை. அந்தப் பக்கம் தெரிகிறது, ஆகவே அந்தப் பக்கம் போகலாம் என்று அது முடிவு செய்துவிடுகிறது. ஆர்தர் காலை எட்டு மணி முதல் ஒரே மூலையில் முன்னங்கால்களால் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருந்ததை, துறுதுறுப்பு என்று நினைத்து நாங்கள் காணொளி எடுத்து ஊருக்கு அனுப்பினோம். அட்டையை வெட்டி வெளிப்புறம் நான்கு பக்கமும் ஒட்டிய அன்றே பிறாண்டல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் உள்ளே காற்றோட்டம் இல்லாததும், ஒரு முனையைச் சூடாக்கினால் மறு முனையும் சேர்ந்து சூடாகிவிடுவதும்தான். ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறி நடந்துதான் அதைச் சரிசெய்துகொள்கிறது. குளிர்ந்த முனை என்று ஒன்று இல்லாத பெட்டியில் அதற்குத் தப்பிக்க வழியில்லை.

நேற்று அந்தத் தொட்டியைக் கழித்துவிட்டேன். பழைய புத்தக அலமாரி ஒன்றின் தட்டுகளைக் கழற்றி, அலமாரியை மல்லாக்கப் படுக்க வைத்தால் 200 செ.மீ. நீளமும் 80 செ.மீ. அகலமும் 28 செ.மீ. சுவர் உயரமும் கொண்ட, மேலே திறந்த மரப்பெட்டி கிடைக்கிறது. உள்ளே நீர் புகாத குளத்து விரிப்பை மடித்துப் போட்டேன், இல்லாவிட்டால் ஈரம் பட்டதும் மரத்தூள் பலகை ஊறி உப்பிவிடும். நான்கு செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கியும் வைத்தேன், ஏனென்றால் இந்த ஊர்க் குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று கதவிடுக்கு வழியாகத் தரையோடு தரையாகத்தான் வருகிறது.

6 நவம்பர் 2022

விளக்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஆமைக்கு இரண்டு விதமான ஒளி வேண்டும், இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று வெயில் காய்வதற்கான சூடு. மற்றது 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா பி கதிர், தோலில் வைட்டமின் டி3 உண்டாக இது வேண்டும். டி3 இல்லையென்றால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்தாலும் உடலில் ஏறாது, எலும்பும் ஓடும் மென்மையாகிவிடும். ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்குமே என்பவர்கள் கவனிக்க: ஜன்னல் கண்ணாடி ஒளியையும் சூட்டையும் உள்ளே விடும், இந்தக் கதிரை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும்.

நான் முதலில் வாங்கியது சுருள் வடிவச் சிறிய பல்பு. அதன் கதிர் ஒரு கையகல வட்டத்துக்கு மேல் பரவவில்லை. இப்போது பிரதிபலிப்பானுடன் கூடிய 24 வாட் டி5 என்ற மெல்லிய குழல்விளக்கு, 12 சதவீதப் புற ஊதா பி வகை, ஆமையின் முதுகுக்கு 40 செ.மீ. மேலே தொங்குகிறது. நண்பர் ஒருவரிடம் அளவி வாங்கிப் பார்த்தபோது வெயில் காயும் இடத்தில் புற ஊதாக் குறியீட்டெண் 3 காட்டியது, மறு முனையில் பூஜ்யம். அப்படித்தான் இருக்க வேண்டும், நிழலுக்குப் போகும் உரிமை அதற்கும் உண்டு. விளக்குக்கும் ஆமைக்கும் இடையே கம்பிவலை இருந்தால் கதிர் கணிசமாகக் குறையும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் ஓராண்டில் கதிர் தளர்ந்துவிடும் என்பதால், வாங்கிய தேதியைக் குழலின் மேலேயே எழுதி வைத்துவிட்டேன்.

சூட்டுக்கு 75 வாட் ஹாலஜன் பல்பு. இரவில் சிவப்பு விளக்குப் போட்டால் ஆமைக்குத் தெரியாது என்று கடைகளில் சொல்கிறார்கள். தெரியும், ஆமைக்குச் சிவப்பு நிறம் நன்றாகவே தெரியும். இரவு என்றால் இருட்டு. உடல்நலமுள்ள, வளர்ந்த ஆமைக்கு வீடு இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்குவதால் தீங்கில்லை.

20 நவம்பர் 2022

மூன்று நாளாக ஆர்தர் சாப்பிடவில்லை. கடைக்கோடி மூலையில் மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடக்கிறார். விளக்கின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் 33 டிகிரி வைத்திருக்கிறேன், அதுவும் 33 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவரிடம் நாளை மாலைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

21 நவம்பர் 2022

மருத்துவரிடம் போகவில்லை. காலையில் அகச்சிவப்பு வெப்பமானியை வெயில் காயும் கல்லின்மேல் காட்டினேன், 48 டிகிரி! கம்பி நீளமாக இருக்கிறதே என்று தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைப் பெட்டியின் நடுவில், ஒரு பானையின் நிழலில் ஒட்டி வைத்திருந்தேன். அந்த நிழல் 33 ஆக வேண்டும் என்பதற்காக விளக்கு தன் முழுப் பலத்தோடு கல்லை வாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உணர்முனையை விளக்கின் நேர்கீழே ஆமையின் முதுகு மட்டத்துக்கு மாற்றினேன். இப்போது கல்லில் 34, மறு முனையில் 21. மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்து டான்டிலயன் என்ற களையின் இலைகளைத் தின்று முடித்துவிட்டு, என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு நல்ல பார்வையாக இல்லை.

22 நவம்பர் 2022

நேற்று எழுத விட்டது: குறுகிய குவியொளி பல்பு ஓட்டின் உச்சியை மட்டும் சுடும், ஓரங்கள் குளிர்ந்தே கிடக்கும். உடம்பு சூடேறவில்லை என்று ஆமை நகராமல் இருக்கும், உச்சி வெந்துபோகும். பரந்த ஒளி தரும் பல்பைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வாட் குறைந்த இரண்டு பல்புகளை அருகருகே மாட்டுங்கள். முழு ஓடும் ஒளிக்குள் அடங்க வேண்டும்.

4 டிசம்பர் 2022

உலர்ந்த மண்ணைப் பற்றிய திருத்தம். டொராண்டோ நண்பர் வாங்கப் போவது குஞ்சு என்பதால் இதை அவர் அவசியம் படிக்க வேண்டும்.

சில வளர்ப்பு ஆமைகளின் ஓட்டில் ஒவ்வொரு தகடும் சிறு கோபுரம்போல் எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிகப் புரதம் கொடுப்பதால்தான் அப்படி ஆகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆப்பிரிக்கத் தரை ஆமைக் குஞ்சுகளை வைத்து நடத்தி 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புரதத்தைவிடக் காற்றின் வறட்சியே பெரிய காரணம் என்று தெரியவந்தது. யோசித்தால் இதில் வியப்பில்லை. வறண்ட நாட்டில் பிறக்கும் குஞ்சு, நாளின் பெரும்பகுதியை ஈரம் பொதிந்த வளைக்குள்ளும் புல்லடியிலும் கழிக்கிறது. பாலைவனத்தின் வெப்பத்தையும் வறட்சியையும் மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, அந்த வளையை நாம் கொண்டுவராமல் விட்டுவிடுகிறோம்.

ஆகவே உரம் கலக்காத தோட்டமண் மூன்று பங்கும் குழந்தைகள் விளையாடும் கழுவிய மணல் இரண்டு பங்கும் கலந்து, அடியில் ஈரமும் மேலே உலர்வுமாக வைத்திருக்கிறேன். மேலே தெளிக்காமல், மூலைகளில் நீரை ஊற்றினால் அது அடியில் பரவிக்கொள்ளும். பதுங்கிடத்துக்குள் தென்னை நார்க்கழிவு. அழுத்திய கட்டி ஒன்றை இங்கே நல்ல விலை கொடுத்து வாங்கினேன், உறையில் இந்தியத் தயாரிப்பு என்று இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும் பொருளை லெஸ்டரில் எடைபோட்டு வாங்கிய நாளில் எனக்கு வந்த ஏக்கம் ஆமைக்குச் சம்பந்தமில்லாதது. தேவதாரு, பைன் மரச் சீவல் வேண்டாம், அவற்றின் ஆவி மூச்சுக்குழலுக்கு ஆகாது. வெறும் மணலும் வேண்டாம், உணவோடு வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

5 டிசம்பர் 2022

குடிநீர்ப் பாத்திரமாகப் பூந்தொட்டியின் அடித்தட்டைத் தரைமட்டத்துக்குப் புதைத்து வைத்திருக்கிறேன். அது தவிர வாரம் இருமுறை, வெதுவெதுப்பான நீரில் தாடை அளவுக்கு இருபது நிமிடம் உட்கார வைக்கிறேன். குஞ்சுகளுக்குத் தினமும் வேண்டும். சிறுநீரோடு வரும் வெள்ளைப் பசை பற்பசைபோல் இருந்தால் நல்லது, மணல்போல் நறநறவென்று இருந்தால் உடலில் நீர் போதவில்லை.

26 டிசம்பர் 2022

அம்மா ஊரிலிருந்து பேசினார். ஆமை புகுந்த வீடு உருப்படாதாம். ஆமை புகவில்லை, நாங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தோம் என்றேன். அது இன்னும் மோசம் என்றார்.

8 ஜனவரி 2023

உணவைப் பற்றி வாசகர்களுக்கு நான் தனியாக எழுதிய பதிலில் ஒரு குழப்பம். டான்டிலயனோடு பிளான்டெய்ன் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் ஆமைக்கு வாழைக்காயை நறுக்கி வைத்து, தொடவே இல்லை என்று முறையிட்டிருக்கிறார். நான் சொன்னது அதே ஆங்கிலப் பெயரில் இங்கே புல்தரைகளில் தரையோடு படர்ந்து வளரும் அகன்ற இலைக் களை. வாழைக்காய் உங்களுக்கு, வறுவலாக.

பழம் கூடாது, இதன் குடலுக்குச் சர்க்கரை ஒத்துவராது. பசலை வகைகளில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். பெட்டிக்குள் எப்போதும் ஒரு துண்டு கடல்நுரை கிடக்கட்டும். கணவாயின் உள்ளோடுதான், நாட்டு மருந்துக் கடையில் விற்குமே, அதேதான். உணவைக் கூரை ஓட்டுக்கல்லின் மேல் வைத்தால் அலகும் நகமும் தாமாகத் தேயும்.

15 ஜனவரி 2023

மின்கட்டணம் கேட்டவருக்கு: இரண்டு விளக்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 வாட், தினம் 12 மணி நேரம், மாதம் 36 யூனிட். யூனிட் 34 பென்ஸ் விற்கும் இந்தக் குளிர்காலத்தில் மாதம் பன்னிரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். தெர்மோஸ்டாட் ஹாலஜனை மங்கச் செய்வதால் உண்மையில் அதைவிடக் குறையும். எங்கள் வரவேற்பறையில் வெயில் காயும் ஒரே குடும்ப உறுப்பினர் அவர்தான்.

19 பிப்ரவரி 2023

இரவில் ஆர்தர் காணாமல் போனார். காலணி அடுக்கின் பின்னால், ஒரு மழைக்காலணிக்கும் சுவருக்கும் இடையே தலைகீழாகச் செருகிக்கொண்டு கிடந்தார். சேதமில்லை.

குற்றம் என்னுடையது. நன்றாகத் தோண்டட்டும் என்று அடிமண்ணை 15 செ.மீ.க்கு உயர்த்தியிருந்தேன். சுவர் 28 செ.மீ. என்பதால் மீதம் 13. மண்ணை உயர்த்தினால் சுவர் தாழும் என்ற கணக்குக்கு ஒரு பொறியாளர் தேவையில்லை, ஆனால் நான் பொறியாளன், எனக்கே தோன்றவில்லை. மூலையில் நான் அழகுக்காகச் சாய்த்து வைத்த கல்லைப் படிக்கட்டாகப் பயன்படுத்தியிருக்கிறார். பகலில் இது நடந்து விளக்கின் அடியில் மல்லாந்து விழுந்திருந்தால் உயிர் போயிருக்கும். ஓரங்களில் இருந்த கற்களை எல்லாம் அகற்றிவிட்டு, சுவரின்மேல் 20 செ.மீ. பலகையைச் சுற்றிலும் அடித்தேன்.

14 மே 2023

ஒரு வாரமாக ஆர்தர் பின்னங்கால்களால் குழி தோண்டுவதும், பாதியில் விட்டுவிட்டு வேறிடம் போவதும், எதையும் தின்ன மறுப்பதுமாக இருந்தார். முன்னங்கால்களால் தோண்டினால் பதுங்க, பின்னங்கால்களால் தோண்டினால் வேறு எதற்கோ. ஊர்வனவற்றுக்கான மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்: உள்ளே மூன்று முட்டைகள். நாற்பது ஆண்டுகளாக ஆர்தர் என்ற பெயரில் வாழ்ந்தவர் ஒரு பெண்மணி. ஆணின் வாலைப்போல் நீளமில்லாத அந்தக் கட்டை வாலை ஒருநாளாவது நான் கவனித்திருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் செல்போர்ன் ஊரில் இயற்கையாளர் கில்பர்ட் ஒயிட் வளர்த்த புகழ்பெற்ற ஆமை திமோதியும் இறந்த பிறகுதான் பெண் என்று தெரியவந்தது என்பது எனக்கு ஓரளவு ஆறுதல்.

ஆண் துணை இல்லாமலே பெண் ஆமை கருவுறாத முட்டை இடும். முட்டையிடத் தோதான மண் இல்லாவிட்டால் முட்டைகளை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. 15 செ.மீ. மண்ணில் அடியில் இருந்த விரிப்பு நகத்தில் தட்டியதும் கைவிட்டிருக்கிறாள். விளக்கின் பக்கம் ஒரு மூலையில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஈரமண்ணை மேடாகக் குவித்தோம். அதற்கு அங்கே மட்டும் சுவரை மறுபடியும் உயர்த்த வேண்டியிருந்தது. மறுநாள் மாலை மூன்றையும் இட்டு, மூடி, மேலே வயிற்றால் தட்டிச் சமன் செய்துவிட்டு வந்து ஒரு தட்டு இலையைத் தின்று தீர்த்தாள்.

ஆகவே முதல் நாள் சொன்ன 8 செ.மீ. ஆழத்துக்கும் இன்று திருத்தம். அம்மா அவளுக்கு ஆர்த்தி என்று பெயர் மாற்றிவிட்டார். வீடு உருப்படாத விஷயம் இப்போது பேச்சில் வருவதில்லை.

18 ஜூன் 2023

ஆர்த்தி இப்போது பகலெல்லாம் பின்கட்டுத் தோட்டத்தில், வேலி போட்ட புல்தரையில். ஒரு மணி நேரத்தில் அவள் நடந்த தூரத்தை மகள் சுண்ணக்கட்டியால் குறித்து அளந்தாள், 60 மீட்டருக்கு மேல். எங்கள் அலமாரியின் முழு நீளம் 2 மீட்டர். இதை எழுதியபின் 120 செ.மீ. என்ற என் பழைய அளவைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

19 ஜூன் 2023

சின்னச் செய்தி ஒன்று: 1968 செப்டம்பரில் சோவியத்தின் சோண்ட் 5 விண்கலத்தில் நிலவைச் சுற்றி வந்து இந்தியப் பெருங்கடலில் உயிரோடு இறங்கிய இரண்டு ஆமைகள் இதே இனம். பெட்டிக்குள் அடைபட்டதற்கு அவற்றுக்காவது ஒரு காரணம் இருந்தது.

24 செப்டம்பர் 2023

அலமாரியைக் கழித்துவிட்டுப் பலகையில் புதிதாகச் செய்திருக்கிறேன்: 240 செ.மீ.க்கு 120, சுவர் 60, மண் 25, ஒரு மூலையில் மட்டும் 35. நடுவில் ஒரு குறுக்குத் தடுப்பு வைத்ததால் ஒரு முனையிலிருந்து மறு முனை தெரிவதில்லை, அவள் சுற்றிக்கொண்டு நடக்கிறாள். டி5 குழலையும் மாற்றினேன், தேதி ஓராண்டைத் தொட இருந்தது. இது வரவேற்பறையில் ஒரு சோபாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விருந்தினர் வந்தால் சோபா இல்லையே என்று யாரும் கேட்பதில்லை, எல்லோரும் பெட்டியைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். தொட்டவர்கள் கை கழுவாமல் முறுக்கை எடுக்கக் கூடாது என்பது மட்டும் கட்டளை, சால்மோனெல்லா என்ற கிருமி இவற்றின் உடலில் இயல்பாகவே இருக்கும்.

3 மார்ச் 2024

குளிர்கால உறக்கம் பற்றி. புதிதாக வந்தவள் என்பதால் முதல் குளிர்காலத்தில் விழித்தே வைத்திருந்தோம். இம்முறை மருத்துவர் பரிசோதித்துச் சம்மதித்த பிறகு, மூன்று வாரம் உணவை நிறுத்தி, குளிப்பாட்டலை மட்டும் தொடர்ந்து, குடல் காலியானதும் குளிர்பதனப் பெட்டியில் 5 டிகிரியில் எட்டு வாரம் தூங்க வைத்தோம். இதற்கென்று பழைய சிறு பெட்டி ஒன்றை வாங்கினோம், இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைக்க மனைவி அனுமதி தரவில்லை. காற்றுக்காக வாரம் இருமுறை கதவைத் திறந்தோம், வாரம் ஒருமுறை எடை பார்த்தோம். உறங்கப் போனபோது 940 கிராம், எழுந்தபோது 905. டொராண்டோவில் குஞ்சு வைத்திருப்பவர் இதை இப்போது முயல வேண்டாம்.

10 மார்ச் 2024

டொராண்டோ நண்பர் எழுதியிருக்கிறார். 180 செ.மீ. மரப்பெட்டி, ஈரமான அடிமண், ஓடு வழவழப்பாக வளர்கிறதாம். மீன் தொட்டியில் மீண்டும் மீன் வளர்க்கிறார். உணர்முனையை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறார். விளக்கின் நேர்கீழே, குஞ்சின் முதுகு உயரத்தில், ஆமை இழுத்துக்கொண்டு போகாதபடி ஆணியடித்து. அதோடு விடாமல் காலையில் ஒருமுறை வெப்பமானியால் கல்லையும் பாருங்கள்.